விடுபட்ட எட்டு

மேடையில் பெனிட்டா முதல் முப்பத்திரண்டு வசனங்களைப் பிசகில்லாமல் ஒப்பித்துவிட்டாள், நான் இன்னும் புத்தகத்தைத் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். வலப்பக்கம் ஐயர், எங்கள் ஊர்ப் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், சின்ன வயசுக்காரர், கைபேசியில் வேதாகமத்தை வைத்து விரலால் தள்ளித் தள்ளித் தொடர்கிறார். இடப்பக்கம் ஜெயசீலன் சார் பெரிய எழுத்து வேதாகமத்தை விரித்து, அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்து, கண்ணை மூடி ரசிக்கிற மாதிரித் தூங்குகிறார். நடுவில் நான், பியூலா டீச்சர், நற்குணபுரம் சபையின் ஞாயிறு பள்ளித் தலைமையாசிரியை, நாற்பத்தாறு வயது, கையெட்டும் தூரத்தில் பித்தளை மணி. நடுவர் மேஜையில் வெறுங்கையோடு உட்காருகிறவள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான், அதில் எனக்குக் கர்வம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். வேதத்திலேயே நீளமான பாட்டு இது, நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம். நூற்றெழுபத்தாறு வசனம், எட்டெட்டாக இருபத்திரண்டு கட்டு, ஒவ்வொரு கட்டின் தலையிலும் ஒரு பெயர்: ஆலெப், பேத், கிமெல், தாலெத். அவை எபிரெய எழுத்துகள் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அதுவரை ஆட்களின் பெயர் என்றே நினைத்திருந்தேன், லாமேட் கொஞ்சம் தடித்த ஆள், யோட் ஒல்லி. போட்டியில் பெயரைச் சொல்லக் கூடாது, வசனம் மட்டும். விட்டால் நடுவர் மணி அடித்து முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பார், இரண்டு மதிப்பெண் போகும். எப்படியோ கடைசிவரை ஒப்பித்து முடித்தால் வெள்ளிப் பதக்கம். முப்பத்தைந்து வருஷத்தில் ஐந்து பிள்ளைகள் இந்த மேடையில் ஏறினார்கள், ஐந்து பேரும் மணிச் சத்தம் கேட்டதும் மிரண்டு, அழுது, பாதியில் இறங்கினார்கள், அவர்களில் கடைசி இரண்டு பேருக்கு மணி அடித்தது நான். பதக்கம் வாங்கியது ஒரே ஒரு பிள்ளை. எண்பத்தொன்பதில், பதினோரு வயதில், நான்.

இந்தக் குட்டி நன்றாகத்தான் சொல்கிறாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பார்வையை எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் வைத்து, ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் கீழே போடாமல் மெதுவாக இறக்கி வைக்கிறாள். அவள் அம்மா ஜெயராணி கதவோரம் நிற்கிறாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை, முருங்கைக்காய் மண்டியில் கட்டுப் போடுகிற வேலை, மகள் சொல்லச் சொல்லக் கேட்டே அவளுக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது, உதடு அசைகிறது. உதடு அசைகிற இன்னொரு ஆள் முதல் வரிசையில் இருக்கிறார். என் அப்பா, ஞானசிகாமணி வாத்தியார், எண்பத்துநாலு வயது, கண் இரண்டும் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவருக்கு உதடு மட்டும் இல்லை, கையும் கூடவே வரும். கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார், ஒரு விரலுக்கு இரண்டு கணு, நான்கு விரலுக்கு எட்டு, ஒரு கட்டு முடிந்தது, திரும்பச் சுட்டு விரல். இப்படித்தான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார், ஒரு வருஷம், விடியற்காலை அரைமணி நேரம், சாயங்காலம் அரைமணி நேரம். கற்பனை, கட்டளை, பிரமாணம், சாட்சி, நியாயம் என்று ஒரே பொருளை மாற்றி மாற்றிச் சொல்கிற சங்கீதம் இது, எந்த இடத்தில் எந்தச் சொல் என்று ஒரு தர்க்கமும் கிடையாது. நடந்துகொண்டே இருப்போம், திடீரென்று பார்த்தால் முன்னால் வந்த தெருவிலேயே நிற்போம். அதில் வழி தவறாமல் போனவள் என்று ஊரே என்னைக் காட்டியது. வழி தவறினேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். இதோ சாயீன் முடிகிறது, கேத் ஆரம்பிக்கிறாள், அந்த இடம் வர இன்னும் மூன்று கட்டு இருக்கிறது.

அந்த இடம் கப். யோட்டுக்கும் லாமேட்டுக்கும் நடுவில் இருக்கிற கட்டு. யோட்டின் கடைசியில் எல்லாரும் மூச்சு வாங்க நிற்பார்கள், அடுத்து கப் வர வேண்டும், ஆனால் லாமேட் கர்த்தாவே என்று கூப்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கும், கூப்பிடுகிற சொல் நாக்குக்கு லேசு, தானாக வந்துவிடும். எனக்கும் வந்தது. எட்டு வசனத்தை அப்படியே தாண்டி லாமேட்டின் இரண்டாவது வரியில் இருக்கும்போதுதான் விட்டுவிட்டோம் என்று தெரிந்தது, மணிக்காகக் காத்திருந்தேன், மணி அடிக்கவில்லை. ஒரு நடுவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியூர் ஐயர் விரல் வைத்திருந்த பக்கம் எதுவோ, அவரும் தலையாட்டினார். நான் நிறுத்தவில்லை. நூற்றறுபத்தெட்டு வசனம் சொல்லிவிட்டு நூற்றெழுபத்தாறுக்குப் பதக்கம் வாங்கினேன். அந்த வாரமே ஞாயிறு பள்ளியில் அனனியா சப்பீராள் கதை நடந்தது, பொய் சொன்ன புருஷனும் பெஞ்சாதியும் அப்போஸ்தலர் காலடியில் விழுந்து செத்த கதை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நடக்கும்போது விழுவேனா, குளிக்கும்போது விழுவேனா, பதக்கத்தோடு சேர்த்துப் புதைப்பார்களா என்றெல்லாம் யோசித்தேன். ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, அரைப் பரீட்சையில் முதல் மார்க் வேறு எடுத்தேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதி இல்லை. மேலே ஆள் இருக்கிறாரா என்று கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி ஒரு காத்திருப்புத்தான் வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. கேத் முடிந்தது.

எல்லாரும் ஒரு நாளைச் சொல்வார்கள், இந்த நாளில் இரட்சிக்கப்பட்டேன், இந்த மணிக்கு, இந்தக் கூட்டத்தில் என்று. நம்பிக்கை போன நாளைச் சொல் என்றால் என்னால் முடியாது. மாவு எந்த நிமிஷத்தில் புளித்தது என்று யார் சொல்ல முடியும், காலையில் மூடியைத் திறந்தால் புளித்திருக்கிறது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது சபையே உபவாசம் இருந்தது, நானும் இருந்தேன், முழு மனசோடு இருந்தேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்தாள், கர்த்தர் செய்தார் என்றார்கள். மூன்று மாதத்தில் இறந்துபோனாள், கர்த்தருடைய சித்தம் என்றார்கள். பிழைத்தாலும் அவர், செத்தாலும் அவர், அப்படியென்றால் அவர் இல்லாமல் இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று அடக்க ஆராதனையில் நின்றுகொண்டு நினைத்தேன், நினைத்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன், பழக்கம். அதன் பிறகு ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடும்போது நான் திறந்து வைத்திருக்கப் பழகினேன், மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், ஒவ்வொரு முகமும் அழகாக இருக்கும், எனக்குப் பொறாமையாக இருக்கும். நற்கருணைக்குப் போவதை நிறுத்தினேன், தலைவலி, வெளியூர், தலைவலி. ஆனால் ஞாயிறு பள்ளியை விடவில்லை, ஏன் விட வேண்டும், இந்தச் சொற்களை என்னைப் போல அறிந்தவர் இங்கே யார் இருக்கிறார்கள்? நம்புகிறவர்களுக்குப் பாதி வசனம் தெரியாது, நம்பாத எனக்கு முழுதும் தெரியும், எட்டைத் தவிர என்று சொல்ல முடியாது, அந்த எட்டுதான் எனக்கு எல்லாவற்றையும்விட நன்றாகத் தெரியும். பதக்கம் வாங்கி எத்தனையோ வருஷம் கழித்து ஒரு நாள் கப்பைப் பொருள் தெரிந்து படித்தேன். எப்போது தேற்றுவீர் என்று கேட்டுக் கேட்டுக் கண் பூத்துப்போனவன் பேசுகிற கட்டு அது, புகையில் தொங்கவிட்ட தோல்பை மாதிரி வற்றிப்போனேன் என்கிறான், அந்த எட்டு வசனத்துக்குள் அவனுக்குப் பதில் வரவே இல்லை. சங்கீதத்திலேயே எனக்கென்று எழுதிய இடத்தை நான் விட்டிருக்கிறேன். பயம் ஒன்றே ஒன்றுதான், அப்பா. அவருக்குத் தெரிந்தால் உடைந்து போவார் என்று பதினைந்து வருஷமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதுதான் எனக்கு அவமானம், நம்பாதது இல்லை.

யோட். பெனிட்டாவின் குரலில் கொஞ்சம் கரகரப்பு வருகிறது, ஐயரின் கைபேசி அதிர்கிறது, அவர் எதையோ தள்ளிவிட, பக்கம் எங்கேயோ ஓடிவிட்டது, தேடுகிறார். ஜெயசீலன் சார் தூங்குகிறார். யோட்டின் கடைசி வசனம். நிற்கிறாள். மூச்சு வாங்குகிறாள். வேண்டாம் பிள்ளை, வேண்டாம், கப் என்று மனசுக்குள் சொல்கிறேன், யாரிடம் சொல்கிறேன், இதுவும் ஜெபம்தானோ, சனியன். கர்த்தாவே என்கிறாள். லாமேட். அதே இடம், அதே தாண்டல். யாரும் கவனிக்கவில்லை, கதவோரத்தில் ஜெயராணி சிரித்துக்கொண்டிருக்கிறாள், ஐயர் லாமேட்டைக் கண்டுபிடித்து ஆறுதலாகத் தலையாட்டுகிறார். மணி அடித்தால் இந்தப் பிள்ளை மிரண்டு இறங்கிவிடும், ஆறாவது பிள்ளை. ஊர் என்ன சொல்லும், தன் பதக்கத்துக்குப் போட்டி வந்துவிடக் கூடாதென்று பியூலா டீச்சர் அடித்தாள் என்று சொல்லும், சொல்லட்டும் என்று விட முடியாது, அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அடிக்காவிட்டால் இவளும் பதக்கத்தோடு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள், மேலே பார்த்துக்கொண்டு. அவளுக்கு இன்னும் தெரியவில்லை, அடுத்த வரியில் தெரியும். அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். கட்டை விரல் நின்றுவிட்டது. சுட்டு விரலின் முதல் கணுவில் நிற்கிறது, நகரவில்லை, அப்பா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருக்கிறார், பிள்ளைக்காக இல்லை, மணிக்காக. அப்படியானால் எண்பத்தொன்பதிலும் அந்த விரல் நின்றிருக்கும். அன்றைக்கு என் பார்வை நடுவர்கள் மேல்தான் இருந்தது, அவர் கையைப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அவர் எழுந்து சாட்சி சொன்னது காதில் இருக்கிறது, ஒரு சொல் மறக்கவில்லை: என் மகள் மேடையில நின்னா, பயப்படாம நின்னா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். முழுதும் சொன்னாள் என்று சொல்லவில்லை. விடாமல் சொன்னாள் என்று சொல்லவில்லை. பதக்கத்தைச் சுவரில் மாட்ட அம்மா கேட்டபோது, பொறவு பாப்போம் என்று கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்தவர் இன்றுவரை எடுக்கவில்லை. தன்னடக்கம் என்று நினைத்திருந்தேன். பெனிட்டாவின் குரல் தடுமாறியது, அவளுக்குத் தெரிந்துவிட்டது, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்க்கிறாள். அவளுக்குப் பார்க்க ஆள் இருக்கிறது. என் கை மணியை அடித்தது.

சத்தம் பெரிதாகத்தான் இருந்தது, ஜெயசீலன் சார் ஆமென் என்று எழுந்துவிட்டார். பிள்ளையின் முகம் சுருங்கியது, உதடு பிதுங்கியது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நல்லாத்தான சொல்லுதா, இவ்வோ எதுக்கு நிப்பாட்டுதாவ?" என்றது. இன்னொரு குரல், "அவ்வோ பேரு போயிரும்லா" என்றது, சிரிப்பு. நான் எழுந்தேன்.

"பெனிட்டா, அழாத. எட்டு வசனம் விட்டுட்ட. எண்பத்தொம்பதுல நான் விட்டதும் இதே எட்டுதான். அன்னைக்கு யாரும் மணி அடிக்கல. நானும் வாயத் தொறக்கல. அதனால நான் வாங்குன பதக்கம் கள்ளப் பதக்கம். முழுசும் ஒப்பிச்ச பிள்ளைன்னு இந்தச் சபையில இதுவரை யாருமே கெடையாது. இப்ப ரெண்டு மார்க்குதான் போச்சு. நீ முடிச்சா, மொத ஆளு நீதான்."

பிள்ளை மூக்கை உறிஞ்சினாள்.

"எந்த எட்டு டீச்சர்?"

புத்தகம் பார்க்காமல் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிடித்தாள், விடவில்லை, கப், லாமேட், மேம், நூன் என்று போய்க்கொண்டே இருந்தாள், கடைசியில் தௌவில் காணாமல்போன ஆட்டைத் தேடச் சொல்லி நின்றபோது ஜெயராணி அங்கேயே கதவோரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினேன். அந்த எண்ணை எழுதும்போது எனக்கு இருந்த பெருமை, பதினோரு வயதில் பதக்கம் குத்தியபோது இருந்ததில்லை.

வீட்டுக்கு நடந்தோம், வெயில் ஏறியிருந்தது, அப்பாவின் கை என் கைக்குள். தெருமுனை திரும்பினோம். அப்பா, "எப்பம் சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்ளா" என்றார்.

"தெரியுமாப்பா?"

"எண்ணிக்கிட்டுல்லா இருந்தேன்."

"பின்ன ஏன் அன்னைக்கே கேக்கல?"

"நான் கேட்டா அது என் மணி ஆயிரும். நீயா அடிக்கணும்னு ஒங்க அம்மையும் நானும் தெனம் ஜெபத்துல வச்சோம். அவ பாக்கக் குடுத்து வைக்கல. கர்த்தர் செஞ்சுட்டாரு."

வழக்கம்போல ஆமென் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன். பதினைந்து வருஷமாகச் சொல்லாததை, கருவேல மரத்து நிழல்கூட இல்லாத அந்த நடுத்தெருவில் சொன்னேன்.

"கர்த்தர் செய்யலப்பா. நான் அடிச்சேன். மேல யாரோ பாக்காவன்னு நெனச்சு அடிக்கல. எனக்கு விசுவாசம் இல்லப்பா. ரொம்ப வருஷமா இல்ல."

நின்றுவிட்டார். உள்ளங்கை வேர்த்திருந்தது, என்னுடையதா அவருடையதா தெரியவில்லை. கூனாமல் நின்றேன், எனக்கு அழுகை வரவில்லை. ஒரு சைக்கிள்காரர் ஸ்தோத்திரம் வாத்தியாரே என்று கடந்து போனார்.

"மெய்யாவா சொல்லுத?"

"மெய்யாத்தான்."

"எனக்கு இது சந்தோசம்னு சொல்ல மாட்டேன்" என்றார். "அது அவருக்கும் ஒனக்கும் உள்ள வழக்கு, நான் சாகுற மட்டும் ஒனக்காவ அவருகிட்ட பேசுவேன், அதத் தடுக்காத. ஆனா எம் மவ ரெண்டு வாட்டி இன்னைக்கு ஊரறிய வாயத் தொறந்திருக்கா." தெருவில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், ஊரறிய என்றார். "சரி, எனக்கு வர வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு. அந்த எட்டையும் நீ இன்னும் எங்கிட்ட சொல்லல."

"இப்பமா?"

"பொறவு எப்பம்?"

என் கையைத் திருப்பி விரித்துச் சுட்டு விரலின் முதல் கணுவில் தன் கட்டை விரலை வைத்தார். நான் தொண்டையைத் திறந்தேன். பதில் வராமல் கண் பூத்துப்போனவனின் முதல் வசனத்தைச் சொன்னேன், நடந்துகொண்டே இரண்டாவது சொன்னேன், விரல் நகர்ந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒப்பித்ததில்லை, ஒரு சொல்லையும் கீழே போடவில்லை, ஒவ்வொரு கேள்வியையும் கேள்வியாகவே கேட்டேன். வீடு வந்துவிட்டது, நாங்கள் வாசலிலேயே நின்றோம். கடைசி வசனத்தின் கடைசிச் சொல்லை இறக்கி வைத்தபோது அவர் விரல் என் சுண்டு விரலின் இரண்டாவது கணுவில் இருந்தது.

"எட்டு" என்றார் அப்பா.